‘ரெண்டு நாள்தானே’ என்னும் பொய்க்கணக்கு

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ மாமனாரும் மாமியாரும் வரப்போகிறார்கள், சாப்பாட்டு விஷயத்தை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது என்று ஒரு பெண் சொல்லிப் பார்க்கட்டும். எங்கே சொன்னாலும் ஒரே பதில்தான் வரும். “ரெண்டு நாள்தானே, கேட்டதைச் செஞ்சு போட்டுட்டுப் போ. பெரியவங்க மனசு குளிர்ந்தா வீட்டுக்கு நல்லது.” பெற்ற அம்மா இதைச் சொல்வாள். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரி சொல்வாள். கோயில் பிரகாரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத பாட்டியும் சொல்வார். கொஞ்சம் நாகரிகமாகச் சொல்ல நினைப்பவர்கள், மாமியாரிடமே பக்குவம் கேட்டு, அவருக்குப் பிடித்ததைச் சமைத்து அசத்துங்கள், உறவு பலப்படும் என்பார்கள். சரக்கு ஒன்றுதான், பொட்டலம்தான் வேறு.

இந்த அறிவுரையில் கெட்ட எண்ணம் கிடையாது. மறுப்பதற்குச் சிரமமாக இருப்பதும் அதனால்தான். சோற்று விஷயத்தில் வாயைத் திறந்தவர் உடனே கஞ்சர் ஆகிவிடுகிறார், பெரியவர்களை மதிக்காதவர் ஆகிவிடுகிறார். ஆனாலும் அறிவுரை தப்புத்தான். அது போடும் கணக்கும் தப்பு, துணைக்குக் கூப்பிடும் மரபும் அது சொல்கிற மாதிரி இல்லை.

முதலில் அந்த இரண்டு நாள். தமிழ்நாட்டில் தீபாவளி பெரும்பாலும் ஐப்பசி அமாவாசைக்கு முந்தின நாளில் வரும். கறி தின்னும் வீட்டில் விடியுமுன் எண்ணெய்க் குளியல், லேகியம், அதன்பின் இட்லியும் கறிக்குழம்பும். மறுநாள் அமாவாசை. மாமனார் விரதம், வெங்காயம் பூண்டு ஆகாது, நேற்றுக் கறி வைத்த சட்டி அடுப்புப் பக்கமே வரக்கூடாது. சில வீடுகளில் கேதாரகௌரி நோன்பும் உண்டு, அதற்கு அதிரசம். தீபாவளியும் அமாவாசையும் ஒரே நாளில் வந்துவிட்ட வருஷத்தில் ஒரே அடுப்பில் இரண்டு சமையல். இதற்கெல்லாம் முந்தின வாரமே முறுக்கு, ரவா லட்டு, லேகியத்துக்குச் சாமான். வீட்டு வேலைக்கு வரும் அக்காவும் தீபாவளிக்கு லீவு. அவருக்கும் ஒரு மாமியார் வீடு இருக்கிறதே! ஆக, எட்டுப் பேர் சாப்பிட்ட தட்டும் டம்ளரும் யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதன் மேல்தான் வேண்டுதல்கள் வந்து ஏறுகின்றன. குக்கர் சோறு வேண்டாம், வடித்த சோறு. மிக்ஸியில் அரைத்த துவையல் வேண்டாம், அம்மியில் அரைத்தது. பாக்கெட் மாவு வேண்டாம், வீட்டில் ஆட்டியது. பிரிட்ஜில் வைத்தது வேண்டாம், மூன்று வேளையும் புதிதாக. காபி டிகாஷன் காலையில் இறக்கியது சாயந்தரத்துக்கு ஆகாது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னது. ‘இதுகூடவா முடியாது’ என்று கேட்கத் தோன்றும். அப்படித்தான் கேட்கவும் கேட்கிறார்கள்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சொதி என்றால் உயிரை விடுவோம். மறுவீட்டு விருந்தில் சொதி வைக்காவிட்டால் அது விருந்தே இல்லை. மகன் வீட்டுக்கு வந்து இறங்கிய மாமனார், “மதியத்துக்குச் சொதி வச்சிருதியாம்மா” என்று அன்பாகத்தான் கேட்கிறார். அந்த ஒற்றை வாக்கியத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது? எட்டுப் பேருக்கென்றால் தேங்காய் இரண்டுக்குக் குறையாது. உடைத்து, துருவி, அரைத்து, பிழிந்து, கெட்டியான முதல் பாலைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். சக்கையை மறுபடி வெந்நீர் விட்டு அரைத்து இரண்டாம் பால், அப்புறம் மூன்றாம் பால். பாசிப்பருப்பு தனியாக வேகும். உருளை, கேரட், பீன்ஸ், பட்டாணி, முருங்கைக்காய் எல்லாம் நறுக்கித் தண்ணிப் பாலில் வேக வேண்டும். இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்து விட வேண்டும். கடைசியில் முதல் பாலை ஊற்றிவிட்டு நகரவே கூடாது. ஓரத்தில் நுரை கட்டும்போதே அடுப்பை அணைக்க வேண்டும், கொதிக்க விட்டால் திரிந்துபோகும். ஆறினபின்தான் எலுமிச்சை. சொதி மட்டும் போதாது. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி வேண்டும், உருளைக்கிழங்கு வறுவல் வேண்டும். அந்த நேரத்தில் கூடத்தில் பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருக்கும். ‘குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் யார்’ என்பது போல ஏதாவது தலைப்பாகவும் இருக்கும்.

சொதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது ஒரு முழு முற்பகல் வேலை என்பதை ஒப்புக்கொள்ளுங்கள் என்கிறேன். ஒப்புக்கொள்ளாமலிருக்கத்தான் ‘ரெண்டு நாள்தானே’ உதவுகிறது. அந்த இரண்டு நாளும் சும்மா கிடந்த கையின் மேல் வந்து விழுவதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதற்குச் செலவழிக்கிறார். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் இது 289, 88 என்று ஆனது. பெண்ணுக்குப் பத்து நிமிடம் மிச்சமாயிற்று, ஆணும் தன் பங்குக்கு ஒன்பது நிமிடத்தை மிச்சம் பிடித்துக்கொண்டார். அதிலும் ‘ஈடுபடும் ஆண்’ என்று சொல்லத்தக்கவர் 2019இல் நூற்றுக்கு 26 பேர்தான். இது பண்டிகையும் விருந்தாளியும் இல்லாத சாதாரண நாட்களையும் சேர்த்த சராசரி. இரண்டு நாள் வருவது இதன் தலைக்கு மேலே.

நீதிமன்றத்துக்கே இந்தக் கணக்கு புரிந்திருக்கிறது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், வெளிநாட்டில் சம்பாதித்த கணவரின் பணத்தில் வாங்கிய சொத்து பற்றிய வழக்கில், ஊரில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்துக்கான பங்களிப்புதான், அவருக்குச் சமபங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. நீதிபதிக்குத் தெரிந்த வேலை நம் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியவில்லை.

அடுத்து வருவது மரபு. விருந்தோம்பல் தமிழன் ரத்தத்தில் ஊறியது, வள்ளுவரே ஒரு அதிகாரம் பாடியிருக்கிறார் என்பார்கள். பாடியிருக்கிறார், ஒன்பதாம் அதிகாரம். பத்துக் குறளையும் புரட்டிப் பாருங்கள். வந்தவருக்கு முகம் கோணாமல் சோறு போடு என்கிறார், இருப்பதைப் பகிர்ந்து உண் என்கிறார். வந்தவர் கேட்கிற பதார்த்தத்தைக் கேட்கிற பக்குவத்தில் செய்து போடு என்று எந்தக் குறளிலும் இல்லை. முகம் வாடினால் விருந்தாளி அனிச்சப் பூவைவிட வேகமாக வாடிவிடுவார் என்று கவலைப்படுகிற வள்ளுவர், குழம்பில் தேங்காய் அரைத்ததா பாலாகப் பிழிந்ததா என்று கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பெரியபுராணத்தைக் காட்டுவார்கள். நல்லது, இளையான்குடி மாற நாயனாரையே எடுத்துக்கொள்வோம். மழைக்கால இரவில் சிவனடியார் ஒருவர் பசியோடு வந்து நிற்கிறார், வீட்டில் ஒரு பிடி அரிசி கிடையாது. அன்று பகலில் விதைத்த நெல்லை வாரி வந்தால் சமைக்கலாம் என்று வழி சொல்வது மனைவி. கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கும்மிருட்டில், கொட்டும் மழையில் வயலுக்குப் போனது யார்? நாயனார். விறகில்லை என்றதும் கூரையின் வரிச்சுகளை வெட்டித் தந்தது யார்? நாயனார். கறிக்கு என்ன செய்வது என்றபோது கொல்லையில் இறங்கி முற்றாத கீரைக் குருத்தைப் பறித்து வந்தவரும் அவர்தான். அந்த அம்மையார் சமைத்தார், நாயனார் முதுகு ஒடிய ஓடினார். இந்தக் கதையைச் சொல்லி மருமகளுக்கு விருந்தோம்பல் பாடம் எடுக்கும் மகனோ சோபாவைவிட்டு எழுந்து கறிவேப்பிலை கிள்ளிக்கொண்டு வரமாட்டார்.

சரி, விருந்தாளி எப்படி இருக்க வேண்டும்? அதற்கு ஔவையார் இருக்கிறார். புல்வேளூர்ப் பூதன் அவருக்குப் போட்டது வரகுச் சோறு, கத்தரிக்காய், நன்றாகப் புளித்துப்போன மோர். உலகத்தையே விலையாகக் கொடுக்கலாம் என்று பாட்டுப் பாடிவிட்டுப் போனார் பாட்டி. மோர் ஏன் புளித்திருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதற்கு நேர் எதிராக, எனக்கு இன்னதுதான் வேண்டும் என்று பட்டியல் சொன்ன விருந்தாளி என்றதும் நினைவுக்கு வருபவர் திருச்செங்காட்டங்குடிக்குப் பைரவக் கோலத்தில் வந்த சிவன். அவர் சிறுத்தொண்ட நாயனாரிடம் கேட்டது ஐந்து வயதுப் பிள்ளையின் கறியை. கேட்பது விருந்தாளி உரிமை என்பவர்கள் அந்தக் கதையை யோசித்துவிட்டுப் பேசலாம்.

இன்னொன்று. மகன் வீட்டுக்கு வரும் பெற்றோர் விருந்தாளியா, வீட்டுக்காரரா? படியேறும்போதே, “எங்க பையன் வீடு, நாங்க என்ன விருந்தாளியா?” என்பார்கள். அலமாரியைத் திறந்து பருப்பு டப்பாவை இடம் மாற்றுவார்கள், பூஜை அறைத் திசையைப் பற்றி அபிப்பிராயம் சொல்வார்கள். எல்லாம் வீட்டுக்காரர் உரிமை. இலை போட்டதும் விருந்தாளி ஆகிவிடுவார்கள், இப்போது உபசாரம் வேண்டும். இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். வீட்டுக்காரர் என்றால் வீட்டு வேலையில் பங்கு உண்டு, அவரைக்காய்க்கு நார் உரிக்கலாம். விருந்தாளி என்றால் போட்டதைச் சாப்பிட வேண்டும்.

வயதானவர்கள், நாக்கு பழகிப்போச்சு, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை, அந்தப் பாதிக்கு நான் மறுப்புச் சொல்லமாட்டேன். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர் ஊசி போட்டபின் சாப்பாட்டுக்குக் காத்திருக்கக்கூடாது. ரத்த அழுத்தக்காரருக்கு ஊறுகாய் அப்பளம் குறைக்க வேண்டும். பல் போனவருக்குச் சோறு குழைய வேண்டும். இவையெல்லாம் தேவைகள். இவற்றைச் செய்ய முகம் சுளிப்பவர் மேல் எனக்கும் கோபம்தான். தேவைக்கும் அதிகாரத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. வெளியே போனால் அந்த வேண்டுதல் என்ன ஆகிறது என்று பார்த்தால் போதும். குக்கர் சோறு தொண்டையில் இறங்காது என்கிற மாமனார், கல்யாண மண்டபத்தில் நீராவிப் பாத்திரத்தில் வெந்த சோற்றை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். மிக்ஸிச் சட்னி ஆகாதவர், திருச்செந்தூர் போகிற வழியில் ஓட்டலில் நாலு இட்லியைச் சட்னியில் முக்கியெடுக்கிறார். அங்கே எந்த அம்மியும் இல்லை, வயிறும் ஒன்றும் சொல்லவில்லை. மருமகள் வீட்டில் மட்டும் வேலை செய்யும் நாக்குக்கு மருந்து சமையலில் இல்லை.

2021இல் வந்த ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ மலையாளப் படத்தில் மாமனார் குரலையே உயர்த்தமாட்டார். விறகடுப்பில் வடித்த சோறு நன்றாக இருக்கும், அம்மியில் அரைத்த சட்னி நன்றாக இருக்கும், துணியை மெஷினில் போட வேண்டாம். அவ்வளவுதான், புன்னகையோடு. படத்தைத் தமிழிலும் 2023இல் எடுத்தார்கள். மெல்லிய குரலில் கேட்டால் அது கட்டளை இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு அந்த மாமனாரைவிட நல்ல பாடம் இல்லை.

நம் வீடுகளில் இதற்கு இன்னொரு நுட்பமும் உண்டு. யாரும் தனக்காக எதுவும் கேட்பதில்லை. “மாமாவுக்கு வடிச்ச சோறுதான் எறங்கும், பாத்துக்க” என்று மாமியார் சொல்வார். “அம்மாவுக்குச் சாயந்தரம் சூடா ஏதாவது வேணும்” என்று கணவன் சொல்வான். “சித்தப்பா வந்தா பஜ்ஜி இல்லாம இருக்கமாட்டார்” என்று நாத்தனார் சொல்வாள். கேட்பவர் ஒருவர், சொல்பவர் இன்னொருவர், செய்பவர் மூன்றாமவர். மறுத்தால் யாரிடம் மறுப்பது? வடித்த சோறு கேட்டவரே எதிரில் நின்றால், “மாமா, இன்னைக்குக் குக்கர்தான்” என்று சிரித்துக்கொண்டு சொல்லிவிடலாம், அவரும் அநேகமாகச் சரி என்றுவிடுவார். தூது வழியாக வருவதால்தான் அது சட்டமாகிவிடுகிறது.

இந்த இடத்தில் மாமியார் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்வது சுலபம். தொலைக்காட்சித் தொடர்கள் இத்தனை வருஷமாக அதில்தான் பிழைக்கின்றன. ஆனால் நாற்பது வருஷம் அடுப்படியில் நின்ற பெண்ணுக்கு அந்த வீட்டில் செல்லுபடியான ஒரே அதிகாரம் சமையலறையில்தான் இருந்தது. அம்பை ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையில் எழுதியது அதைத்தான்: இருட்டு மூலையில் கிடக்கும் ஒரு சமையலறை, அதன் ஆட்சிக்காகப் பெண்களுக்குள்ளேயே போட்டி. மகன் வீட்டுக்கு வரும் மாமியார் அந்தப் பதவியைக் கையோடு கொண்டுவருகிறார், அதை எங்கே இறக்கி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இதில் மருமகள்கள் பக்கத்திலும் குறை உண்டு. “நானே சொதி வைக்கேன், நீ போய் உக்காரு” என்று அத்தை சொன்னால், தன் கரண்டியை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி சிலர் விறைத்துக்கொள்கிறார்கள். விடுங்கள், வைக்கட்டும். உங்களுக்கும் ஒரு முற்பகல் மிச்சம். பிறகு துருவல் கொஞ்சம் சிதறிக் கிடந்ததே என்று கணக்குப் பார்க்கக்கூடாது.

வெளிப்படையாகப் பேசினால் குடும்பம் உடைந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். நான் பார்த்தவரையில் குடும்பங்கள் உடைவது பேசாமல் அடக்கி வைத்ததில்தான். ஐந்து வருஷம் கேட்டதையெல்லாம் செய்து போட்ட பெண், ஆறாவது வருஷம் ‘ஆபீசில் லீவு கிடைக்கல’ என்று பொய் சொல்லத் தொடங்குகிறாள். வருகை குறைகிறது, தாத்தா பாட்டியின் முகம் பேரனுக்கு வீடியோ காலில் மட்டும் தெரிகிறது. அடங்கிப் போகச் சொன்ன அறிவுரைக்காரர்கள் அப்போது அந்த வீட்டுப் பக்கமே இருப்பதில்லை.

பேச வேண்டியவள் அவளும் இல்லை. வருகிறவர்கள் யாருடைய அப்பா அம்மா? அவன் பேசட்டும். ரயில் டிக்கெட்டுக்கு அறுபது நாள் முன்னாலேயே காலை எட்டு மணிக்குக் கணினி முன் உட்கார்ந்து நெல்லை எக்ஸ்பிரசில் இடம் பிடிக்கத் தெரிந்த மகனுக்கு, ஊரிலிருந்து கிளம்பும் முன்பு ஒரு போன் போட்டு, “அம்மா, தீபாவளியன்னைக்குக் காலைல இட்லி, கறிக்குழம்பு. கறி நான் வாங்கி நானே வைக்கேன். அமாவாசைக்கு ஒரு சாம்பார், ஒரு பொரியல், பாயசம். மாவு கடையில வாங்குதோம். ராத்திரிக்குச் சமையல் கிடையாது, வெளிய சாப்பிடுதோம். அப்பாவுக்குச் சுகர் மாத்திரைக்கு எத்தனை மணிக்குச் சாப்பிடணும்னு மட்டும் சொல்லு” என்று சொல்லத் தெரியாதா? இந்தப் பேச்சு மருமகள் வாயிலிருந்து வந்தால் திமிர் என்பார்கள். மகன் வாயிலிருந்து வந்தால், “பட்டணத்துல அப்படித்தான் போல” என்று ஒரு பெருமூச்சோடு முடிந்துபோகும். நியாயமில்லைதான், ஆனால் அந்த வசதியை அவன் ஒரு தடவையாவது மனைவிக்காகப் பயன்படுத்தட்டும்.

மனைவி செய்வதில் ‘நானும் ஹெல்ப் பண்றேன்’ என்று வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு, அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடும் கணவர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு வேளைச் சாப்பாடு என்றால் அரிசி களைவது முதல் அடுப்பு மேடை துடைப்பது வரை. அதில் ஒரு வேளையை முழுசாக எடுத்துக்கொள்பவரைத்தான் சொல்கிறேன். அவர் வைக்கும் குழம்பில் உப்புத் தூக்கலாக இருந்தால் அப்பா வாயைத் திறக்கமாட்டார். மகன் சமைத்தது அல்லவா!

இத்தனையும் மருமகளுக்காகப் பேசிவிட்டு மறுபக்கத்தை விட்டால் அது ஓரவஞ்சனை. தலைத்தீபாவளிக்கு மாப்பிள்ளை வருகிறார் என்றால் பெண்ணைப் பெற்ற வீட்டில் என்ன நடக்கிறது? மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு ஒரு மாமியார் மூன்று நாள் நிற்கிறார். ஒரு வேளை ஆட்டுக்கறி, ஒரு வேளை வஞ்சிரம், ஒரு வேளை பிரியாணி. வைத்ததையே திரும்ப வைத்தால் மரியாதைக் குறைவு. மாப்பிள்ளை பாவம், வாய் திறந்து ஒன்றும் கேட்பதில்லை. அவர் சார்பில் போன் போடுவது, தன் மாமியார் வீட்டு வேண்டுதல்களைப் பற்றித் தோழிகளிடம் புலம்புகிற அதே பெண்தான். “அவருக்கு நாட்டுக்கோழின்னா உசிரும்மா, மசாலா கையால அரைச்சு வச்சிரு.” தூது வேலையை அவளும் கற்றுக்கொண்டுவிட்டாள். அந்தப் போனை அவள் போட வேண்டாம் என்றுகூடச் சொல்லமாட்டேன், தாராளமாகப் போடட்டும். போட்டு, “நாட்டுக்கோழி அவரே வாங்கிட்டு வந்து அவரே வைக்காராம். நீ சோத்தை மட்டும் வை, குக்கர்லயே வை” என்று சொல்லட்டும்.